பழைய ஜப்பான் ரயில் போய் சீனாவில் செய்த ரயில் வந்தால் பயப்பட வேண்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு ரயில் பாதைகளில் முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய ஜப்பான் ரயில்களுக்குப் பதிலாக, சீனாவில் செய்த ரயில்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் திட்டித் தீர்க்கிறார்கள். விரிசல் விட்ட ரயில்களைச் சீனாவுக்குத் திருப்பி அனுப்பியதாக 2016ல் வெளியான விஷயத்தையும் மறுபடி எடுத்துப் போடுகிறார்கள். உங்கள் அம்மா தினமும் அந்தப் பாதையில்தான் போய் வருகிறார், இதையெல்லாம் படித்துவிட்டு ஏறப் பயப்படுகிறார். மக்கள் பேசுவதில் உண்மை எவ்வளவு என்பது உங்கள் கேள்வி. எனக்கு இதில் இரண்டு கேள்விகள் கலந்திருப்பதாகத் தோன்றுகிறது. ரயில் பத்திரமானதா என்பது ஒன்று. கோளாறு வந்தால் நமக்குச் சொல்வார்களா என்பது இன்னொன்று. மக்களுடைய கோபத்தின் வேர் இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆனால் வெளியே வரும்போது அது 'எந்த நாட்டு ரயில்' என்ற பேச்சாக வருகிறது.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயில் பணிமனைகளில் பராமரிப்பு வேலை பார்த்தவன். கடைசி சில வருடங்கள் புது ரயில்களை வாங்குபவரின் தரப்பில் தொழிற்சாலைக்கே போய்ப் பரிசோதிக்கும் குழுவில் இருந்தேன். பெட்டியின் உடல், சக்கரம், பிரேக் இவற்றைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியும். சிக்னல் மென்பொருள் என் துறை இல்லை. கீழே அதைத் தொடும் இடத்தில் மேலோட்டமாகத்தான் தொடுவேன்.

முதலில் ஒரு விஷயம். சிங்கப்பூர் எம்ஆர்டி என்கிற தன் நகர ரயில்களை என்றைக்குமே சொந்தமாகச் செய்ததில்லை. 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் ரயில் ஓடியபோதே அது வெளிநாட்டு ரயில்தான். கவாசாக்கி தலைமையில் ஜப்பானிய நிறுவனங்கள் சேர்ந்து செய்த 66 ரயில்கள் அவை. அதற்குப் பிறகு தொண்ணூறுகளின் நடுவில் சீமென்ஸிடமிருந்து 19 ரயில்கள் வந்தன. இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி மறுபடி ஜப்பானிலிருந்து 21. ஆக, மாற்ற முடிவான பழைய ரயில்கள் மொத்தம் 106. உங்கள் தலைமுறை சிறு வயதில் ஏறிப் பழகியது முதல் 66 ரயில்களில். அதனால் 'ஜப்பான் ரயில்' என்றால் நம் வீட்டுப் பொருள் போலவும், மற்றது அந்நியம் போலவும் தோன்றுகிறது. அந்தப் பாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த ரயில்களின் அடியில் படுத்து வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேருக்கும் அதே பாசம் உண்டு.

106 பழைய ரயில்களுக்குப் பதிலாக 106 புது ரயில்கள். சிங்கப்பூர் அரசின் நிலப் போக்குவரத்து ஆணையம் 2018ல் 66 ரயில்களுக்கும், 2020ல் மேலும் 40 ரயில்களுக்கும் பொம்பார்டியே நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டது. அந்த நிறுவனத்தின் ரயில் பிரிவை 2021 தொடக்கத்தில் பிரான்சின் ஆல்ஸ்டம் வாங்கிவிட்டது. ரயில்கள் பொருத்தப்படுவது சீனாவின் சாங்சுன் நகரத்தில். 2023 ஜூன் 4ஆம் தேதி முதல் அவை பயணிகளோடு ஓடத் தொடங்கின. இப்போது சொல்லுங்கள், இது எந்த நாட்டு ரயில்? விற்ற நிறுவனம் அப்போது கனடா, இப்போது பிரான்ஸ். பொருத்திய இடம் சீனா. உள்ளே இருக்கும் பிரேக், கதவு, மோட்டார், கணினி எல்லாம் அந்தந்த வேலையில் கைதேர்ந்த நிறுவனங்களிடமிருந்து வாங்கிப் பொருத்துபவை. ரயில் தொழிலில் இது புதிதல்ல. டௌன்டவுன் பாதை ரயில்களும் இதே நிறுவனத்தின் வடிவமைப்பில், இதே சாங்சுனில் செய்யப்பட்டவைதான். 2013 டிசம்பரிலிருந்து மக்கள் அதில் ஏறி இறங்குகிறார்கள். அங்கே யாரும் 'சீன ரயில்' என்று பேசி நான் கேட்டதில்லை. அங்கே மாற்றப்பட்ட பழைய ரயில் எதுவும் இல்லை என்பதால் ஒப்பிட்டுப் பேச ஆள் இல்லை என்று நினைக்கிறேன்.

சரி, விரிசல் விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் பாதி சரி, பாதி தவறு. விரிசல் கண்டது இப்போது வரும் ரயில்களில் இல்லை. 2011ல் ஓடத் தொடங்கிய வேறொரு தொகுதியில். அவை கவாசாக்கியும் சீனாவின் சிங்தாவ் சிஃபாங் நிறுவனமும் கூட்டாகச் செய்தவை, மொத்தம் 35. அவற்றில் 26 ரயில்களில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தன. கண்டுபிடித்தது 2013ல். அலுமினியத்தில் சில இடங்களில் கலந்திருந்த மாசுதான் காரணம் என்று ஆணையம் பின்னர் சொன்னது. ஒவ்வொரு ரயிலாகக் கப்பலில் ஏற்றி அனுப்பி, உடலையே மாற்றிக்கொடுக்கச் சொன்னார்கள். உத்தரவாதம் இருந்ததால் செலவு தயாரிப்பாளருடையது. பொதுமக்களுக்கு இது தெரிந்தது 2016 ஜூலையில்தான். அதுவும் இங்கிருந்து யாரும் சொல்லவில்லை. ஹாங்காங்கின் ஃபேக்ட்வயர் என்ற செய்தி அமைப்பு, துணி போர்த்திய ரயில் பெட்டிகள் சீனாவுக்குத் திரும்பிப் போவதைப் படம் பிடித்து வெளியிட்டது. ஹாங்காங்கும் அதே சிஃபாங்கிடம் ரயில் வாங்கியிருந்ததால் அவர்களுக்கு அக்கறை. பாதுகாப்புக்கு ஆபத்து இல்லாத குறை என்பதால் அறிவிக்கவில்லை என்பதே இங்கே அதிகாரிகள் தந்த விளக்கம்.

அந்த விளக்கத்தின் முதல் பாதியை நான் ஒரு பொறியாளராக ஏற்றுக்கொள்கிறேன். விரிசல் இருந்த இடம் போல்ஸ்டர் என்கிற குறுக்குச் சட்டம். பெட்டியின் அடியில், பெட்டிக்கும் போகிக்கும் நடுவில் இருப்பது. (நம் ஊர்ப் பேச்சில் போகி என்றால் பெட்டியையே சொல்வோம். ரயில் வேலையில் போகி என்பது சக்கரங்களும் அச்சுகளும் பொருத்தியிருக்கும் அடிச்சட்டகம் மட்டும்.) பெட்டியின் எடையும் ஆட்களின் எடையும் இந்தச் சட்டத்தின் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகின்றன. அலுமினியத்தில் மயிரிழை விரிசல் ஒரே நாளில் உடைப்பாக மாறாது. ரயில் ஓட ஓட, ஒவ்வொரு அதிர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எந்த வேகத்தில் வளர்கிறது என்று தெரிந்தால் அடுத்த பரிசோதனை வரை ஓட்டலாமா கூடாதா என்று கணக்குப் போட முடியும். விமானத்திலும் பாலத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள். விரிசலோடு ஓட்டினார்கள் என்று கேட்டதும் உடல் நடுங்கும், அது இயல்பு. ஆனால் அளந்து, கண்காணித்து ஓட்டுவது வேறு, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது வேறு.

இரண்டாவது பாதியை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆபத்து இல்லை என்றால் சொல்வதில் என்ன சிரமம்? 2013ல் ஒரு பத்தி அறிக்கை வெளியிட்டிருந்தால் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்திருப்பார்கள். மூன்று வருடம் கழித்து, வேறு ஊர்ச் செய்தியாளர் வழியாகத் தெரிந்ததால்தான் இன்றைக்கும், அதற்குச் சம்பந்தமே இல்லாத புது ரயிலைப் பார்த்தும் மக்கள் முகம் சுளிக்கிறார்கள். உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி அந்த மௌனத்தின் பலன். மக்கள் கேட்கும் இன்னொரு கேள்வியும் நியாயமானது. விரிசல் தெரிந்த பிறகு, 2014ல், தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்காக அதே கவாசாக்கி-சிஃபாங் கூட்டணியிடம் 91 ரயில்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். தயாரிப்பாளர் குறையை ஒப்புக்கொண்டு சொந்தச் செலவில் சரிசெய்து தந்தது நல்ல அடையாளம் என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். நானே அந்தக் குழுவில் இருந்திருந்தால் அதைக் கணக்கில் எடுத்திருப்பேன். ஆனால் அந்த வாதத்தை மக்கள் முன் வைத்து, அவர்கள் கேள்வி கேட்க வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

தொழிற்சாலைப் பரிசோதனை பற்றி என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஒரு நாட்டில், ஒரு பெயர்பெற்ற தயாரிப்பாளரின் ஆலையில், முதல் பெட்டியின் உடலைப் பார்க்கப் போயிருந்தோம். தாள்களில் எல்லாம் சரி. வெல்டிங் செய்த இடத்தில் சாயம் தடவிப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையில் ஒரு மூலையில் சிவப்புக் கோடு தெரிந்தது, அது விரிசலின் அடையாளம். அந்த ஆலை சீனாவில் இல்லை, 'அந்த நாட்டுப் பொருளா, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று எல்லாரும் சொல்லும் நாட்டில் இருந்தது. ஆலையின் மேலாளர் வருத்தப்பட்டார், மறுத்துப் பேசவில்லை, அந்த வேலையை முழுக்க மறுபடி செய்தார்கள். அதே வருடம் சீனாவில் பார்த்த இன்னொரு ஆலையில் வெல்டிங் அவ்வளவு சுத்தமாக இருந்தது. இதைவைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட முடியாது, இரண்டு ஆலைகளில் இரண்டு நாள் பார்த்தது மட்டுமே அது. ஆனால் வாங்குபவரின் ஆள் போய் நின்று பார்க்கும் இடத்தில் வேலை ஒரு மாதிரியும், பார்க்காத இடத்தில் வேறு மாதிரியும் நடக்கும் என்பதை எந்த நாட்டைப் பற்றியும் நான் தயங்காமல் சொல்வேன். உலோகம் எங்கிருந்து வந்தது, அதன் சோதனைச் சான்று எங்கே, எந்தப் பெட்டியில் எந்த உலோகத் தொகுதி போனது என்று கடைசி வரை விடாமல் கேட்கும் ஆள் வேண்டும். 2013ல் தெரிந்த குறை இந்தக் கேள்விகளின் எல்லைக்குள் இருந்த குறைதான்.

அப்புறம், ஜப்பான் ரயில்கள் என்றால் கவலையே இல்லை என்ற பேச்சு. 2024 செப்டம்பர் 25ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். கிழக்கு-மேற்குப் பாதையில் ஒரு ரயிலில் கோளாறு தெரிந்து, பயணிகளை இறக்கிவிட்டுப் பணிமனைக்குத் திருப்பினார்கள். போகும் வழியில், சக்கர அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப்பெட்டி ஒன்று கழன்று விழுந்தது. போகி தண்டவாளத்தை விட்டு இறங்கி, 2.55 கிலோமீட்டர் தூரத்துக்குப் பாதையைச் சேதப்படுத்தியது. தண்டவாளத்தில் 46 இடங்களில் உடைப்பு. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் ரயில் இல்லை. அந்த ரயில் முதல் தலைமுறை ரயில், ஜப்பானில் செய்தது, முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடியது.

அப்படியானால் ஜப்பான் ரயில் மோசமா? அதுவும் இல்லை. அச்சுப்பெட்டிக்குள், அச்சு உராயாமல் சுழல உதவும் பேரிங் இருக்கிறது, பேரிங்குக்குள் கிரீஸ். கிரீஸ் காலப்போக்கில் கெட்டுப்போகும், கெட்டால் உராய்வு, உராய்ந்தால் சூடு, சூட்டில் பேரிங் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம்செய்து புதுக் கிரீஸ் வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்வார். இந்த ரயில்களுக்கு அந்த அளவு 5,00,000 கிலோமீட்டர். அன்று பழுதான அச்சுப்பெட்டி முந்தைய பராமரிப்புக்குப் பிறகு 6,90,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2025 ஜூனில் வெளியான ஆணையத்தின் அறிக்கை, கெட்டுப்போன கிரீஸைத்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்று சுட்டியது. 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அச்சுப்பெட்டி சிதைந்துபோன பிறகு நூறு விழுக்காடு நிரூபிப்பது கடினம். ஆனால் பாதையோரத்தில் இருந்த வெப்பமானி 118 டிகிரி காட்டியது என்பதும், அது தவறான அளவீடு என்று எண்ணி ரயிலை நிறுத்தாமல் விட்டார்கள் என்பதும் அதே விசாரணையில் வெளிவந்தவை. இந்தப் பாதையில் ரயில் ஓட்டும் எஸ்எம்ஆர்டி நிறுவனம், பராமரிப்பு இடைவெளியை நீட்டித்தபோது அதற்கான ஆபத்துக் கணிப்பைப் போதிய அளவு செய்யவில்லை என்பதும் குற்றச்சாட்டு. எஸ்எம்ஆர்டிக்கு 24 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம்.

பணிமனையில் இருந்தவன் என்ற முறையில் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இடைவெளியை நீட்டுவது தப்பான செயல் அல்ல. பேரிங்கின் நிலையை அளந்து, கிரீஸை எடுத்து ஆய்வகத்தில் பார்த்து, 'இன்னும் தாங்கும்' என்ற ஆதாரத்தோடு நீட்டலாம், உலகமெங்கும் நீட்டுகிறார்கள். புது ரயில்கள் வரத் தாமதமாகும்போது, பழைய ரயில்களுக்கு உதிரிபாகம் கிடைக்காதபோது, நீட்டச் சொல்லி எல்லாப் பக்கமும் அழுத்தம் வரும். 'இன்னும் கொஞ்ச நாள்தானே' என்ற வார்த்தையை நான் பல பணிமனைகளில் கேட்டிருக்கிறேன். போகப்போகிற ரயிலைத்தான் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். 'பழைய ரயில்களே நன்றாகத்தானே ஓடின, ஏன் மாற்றுகிறார்கள்' என்று உங்கள் நண்பர் கேட்டதற்கு என் பதில் இதுதான். மாற்றத்தான் வேண்டும், இன்னும் முன்னாலேயே மாற்றியிருக்கலாம்.

விலை பற்றி ஒரு வரி, ஏனென்றால் அதையும் வைத்துச் சண்டை நடக்கிறது. முதல் 66 ரயில்கள் 120 கோடி வெள்ளி, அடுத்த 40 ரயில்கள் 33.78 கோடி வெள்ளி. வகுத்துப் பார்த்தால் முதல் தொகுதியில் ஒரு ரயில் சுமார் 1.8 கோடி, இரண்டாவதில் சுமார் 84 லட்சம். பாதிக்கும் குறைவு, ஆகவே தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று ஒருவர் முடிவுகட்டியிருந்தார். அப்படி வகுக்கக் கூடாது. முதல் தொகைக்குள் வடிவமைப்புச் செலவும் நீண்டகாலத் தொழில்நுட்ப ஆதரவும் அடங்கியிருக்கின்றன, இரண்டாவது அதே வரைபடத்தில் மேலும் 40. வடிவமைப்புக்கு ஒருமுறைதான் காசு கொடுப்பார்கள்.

புது ரயில் வந்ததும் கோளாறே இருக்காது என்று நான் சொன்னால் அது பொய். எந்தப் புது ரயிலும் முதல் ஓரிரு வருடங்கள் படுத்தும். கதவு மூடாது, கணினி தவறான எச்சரிக்கை காட்டும், குளிர்சாதனம் சண்டித்தனம் செய்யும். 2016ல் வட்டப் பாதையில் ரயில்கள் காரணமில்லாமல் அவசர பிரேக் போட்டு நின்றன, நினைவிருக்கும். அது பிரெஞ்சு நிறுவனத்தின் ரயில். கடைசியில் ஒரே ஒரு ரயிலின் பழுதான சிக்னல் கருவி, எதிரே போன மற்ற ரயில்களைக் குழப்பியது என்று தரவுகளை வரைந்து பார்த்த அரசாங்கத் தரவியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். இந்த மாதிரிக் கோளாறுகள் எரிச்சலூட்டும், தாமதமாக்கும், ஆனால் ரயிலை நிறுத்தும் பக்கமாகத்தான் போகும். சந்தேகம் வந்தால் நில் என்றுதான் ரயிலை வடிவமைக்கிறார்கள். அதனால் 'புது ரயில் அடிக்கடி நிற்கிறது' என்பதும் 'புது ரயில் ஆபத்தானது' என்பதும் ஒன்றல்ல.

மக்கள் கருத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முகநூலில் திட்டுபவர்களை வைத்து 'மக்கள் எல்லாரும்' என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் ஏறி, உட்கார இடம் கிடைத்ததும் கண்ணயரும் ஆயிரக்கணக்கானவர்கள் எங்கேயும் எழுதுவதில்லை. எழுதுபவர்களிலும் எல்லாரும் ஒரே காரணத்துக்காக எழுதவில்லை. சிலருக்குப் பழைய ரயிலின் மேல் பாசம். சிலருக்குச் சீனா மேல் பொதுவான கசப்பு, அதை நான் நியாயப்படுத்தவில்லை. சிலருக்குக் கட்டணம் ஏறும்போதெல்லாம் ரயிலும் நிற்கிறதே என்ற எரிச்சல். இன்னும் சிலர், என் பழைய சக ஊழியர்கள் உட்பட, உண்மையான தொழில்நுட்பக் கேள்வி கேட்கிறார்கள். நான்கையும் ஒரே கூடையில் போட்டு 'மக்களுக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும்' என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. 2016 ஒக்டோபரிலிருந்து இந்தப் பாதைகளின் ரயில்கள் ஆணையத்தின் சொத்து, அதாவது பொதுச் சொத்து. தன் காசில் வாங்கிய பொருளைப் பற்றிக் கேட்பவரிடம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அவர் கேள்வியில் நாட்டின் பெயர் தவறாக இருந்தால் அதைத் திருத்திவிட்டு, கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நான் பதவியில் இருந்திருந்தால் ஒவ்வொரு புது ரயில் தொகுதிக்கும் வருடம் ஒருமுறை ஒரு பக்க அறிக்கை போடச் சொல்லியிருப்பேன். எத்தனை குறை கண்டோம், எதை யார் செலவில் சரிசெய்தோம், பராமரிப்பு இடைவெளி எதையாவது மாற்றினோமா, மாற்றினால் எந்த ஆதாரத்தில். தயாரிப்பாளர்கள் வணிக ரகசியம் என்பார்கள். விலைப்பட்டியல் ரகசியமாக இருக்கட்டும், கிரீஸ் மாற்றிய தேதியில் என்ன ரகசியம்?

கடைசியாக உங்கள் அம்மா. தைரியமாக ஏறச் சொல்லுங்கள், புது ரயிலிலும் பழையதிலும். என் வீட்டிலும் அப்படித்தான். புது ரயில்களில் சில இருக்கைகள் மடக்கி வைக்கக்கூடியவை. கைத்தள்ளுவண்டியோடு போகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடம் அவருக்கு வசதியாக இருக்கும். ஓடும்போது அடியிலிருந்து விடாமல் உறுமல் சத்தமோ கருகிய வாசனையோ வந்தால், இறங்கியதும் நிலைய ஊழியரிடம் பெட்டியின் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். எண் பெட்டிக்குள் எழுதியிருக்கும். எண் இல்லாமல் வரும் புகாரை வைத்துப் பணிமனையில் எந்தப் பெட்டியைத் தேடுவது என்று தெரியாது. எண் இருந்தால் அன்று இரவே ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் போய்ப் பார்க்க முடியும்.